முருங்கைப் பொடி வாங்கலாமா? கேள்வி பதில்

கேள்வி: அக்கா, முருங்கைப் பொடியில் பசலைக்கீரையைவிட 25 மடங்கு இரும்புச்சத்து என்று டப்பாவில் போட்டிருக்கிறார்களே, நிஜமா?

பதில்: காய்ந்த பொடியையும் ஈரக் கீரையையும் எடைக்கு எடை வைத்துப் போடுகிற கணக்கு அது. தண்ணீர் வற்றினால் எந்தக் கீரையிலும் சத்து கூடித்தான் தெரியும். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணைப்படி 100 கிராம் பச்சை முருங்கைக்கீரையில் இரும்பு சுமார் 4.5 மில்லிகிராம், கால்சியம் 300 மில்லிகிராமுக்கு மேல். வைட்டமின் சி, உடம்பில் வைட்டமின் ஏ ஆக மாறும் பீட்டா கரோட்டின் எல்லாம் தாராளம். என்னைக் கேட்டால் இரும்பைவிட இவற்றுக்காகத்தான் இதைச் சாப்பிட வேண்டும். ஒரு டீஸ்பூன் பொடி 2, 3 கிராம்தான். அதில் ஒரு மில்லிகிராம் இரும்புகூடத் தேறுவது சந்தேகம். இரண்டு கைப்பிடி கீரையைப் பாசிப்பருப்போடு துவட்டினால் அதைவிட அதிகம் கிடைக்கும், காசும் மிச்சம். ஆனால் கீரையில் உள்ள இரும்பை உடம்பு முழுதாக எடுத்துக்கொள்ளாது. இறக்கியபின் எலுமிச்சை பிழியுங்கள். சாப்பிட்ட கையோடு டீ வேண்டாம்.

கேள்வி: சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறேன். முருங்கை கேப்ஸ்யூல் சேர்க்கலாமா?

பதில்: கீரை சாப்பிடுங்கள். கேப்ஸ்யூல் என்றால் டாக்டரிடம் சொல்லிவிட்டு மட்டும். மாத்திரையோடு சேர்ந்து சர்க்கரை அதிகமாக இறங்கிவிடலாம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் கீரையின் அளவையும் திடீரென்று கூட்டக் கூடாது. இதில் வைட்டமின் கே அதிகம்.

கேள்வி: மனைவி கர்ப்பமாக இருக்கிறார்...

பதில்: பொரியல், சாம்பாரில் காய், எல்லாம் சரி. வேர், பட்டை கலந்த எதுவும் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: வீட்டிலேயே பொடி செய்வது எப்படி?

பதில்: நன்றாக அலசி, ஈரம் போக உதறி, மெல்லிய துணியில் பரப்பி நிழலில், ஃபேன் காற்றில் காய விடுங்கள். வெயிலில் போட்டால் நிறமும் போகும், பீட்டா கரோட்டினும் குறையும். கையில் நொறுங்கினால் அரைக்கலாம். அலசுவதில் அலட்சியம் கூடாது: 2025இல் அமெரிக்காவில் முருங்கைப் பொடியால் சால்மோனெல்லா என்ற பாக்டீரியா தொற்று பரவியது. அதனால் பொடியை ஜூஸில் அப்படியே கலக்காமல், கொதிக்கிற ரசத்திலோ அடை மாவிலோ போடுவதுதான் எனக்குப் பிடித்த வழி.

கேள்வி: ராத்திரி கீரை சாப்பிடக் கூடாதாமே?

பதில்: செரித்தால் சாப்பிடுங்கள்.

கேள்வி: வீட்டில் வைக்க எந்த ரகம் நல்லது?

பதில்: காய்க்கு என்றால் பெரியகுளத்தில் உருவான பி.கே.எம். 1, விதை போட்டு ஆறு மாதத்தில் காய்க்கத் தொடங்கும். கீரை மட்டும் போதுமென்றால் பக்கத்து வீட்டில் ஒரு போத்து (நடுவதற்கான கிளைத்துண்டு) கேட்டு வாங்கி நடுங்கள்.