ரக்பி ஆடிப் பிழைக்க முடியுமா?

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: என் மகனுக்கு 17 வயது. பள்ளி ரக்பி அணியில் ப்ராப், அதாவது இரு அணிகளும் முட்டித் தள்ளும்போது முன்வரிசையில் நிற்பவன். எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) முடிந்ததும் ஆறாம் படிவம் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பு) போகமாட்டேன், முழுநேர ஆட்டக்காரன் ஆகப் போகிறேன் என்கிறான். என் கணவர் அவனோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். இது ஒரு தொழிலா, சார்?

தொழில்தான் அம்மா. ஆனால் அது இங்கே மலேசியாவில் இல்லை.

ரக்பி யூனியனில் (அணிக்கு 15 பேர் ஆடும் ரக்பி) ஆட்டக்காரர்கள் சம்பளம் வாங்கலாம் என்று விதி மாறியதே 1995 ஆகஸ்டில்தான். அதற்கப்புறம் இங்கிலாந்து, பிரான்ஸ், ஜப்பானில் அது முழுநேர வேலையாகிவிட்டது. நமக்கு 2017 கோலாலம்பூர் சீ விளையாட்டில் (தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டி) எழுவர் ரக்பித் தங்கம் கிடைத்தது உண்மை. ஆனாலும் கிளப் ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் பகலில் வேலைக்குப் போய்விட்டு, மாலையில் ஜாமில் மாட்டி, பாதிப் பயிற்சிக்குத் திடலுக்கு வந்து சேர்கிறவர்கள். நானும் அப்படி ஆடியவன்தான்.

வெளிநாடு என்றால் எனக்கு முதலில் தோன்றுவது ஜப்பான். அங்கே பெரிய போட்டித் தொடரான லீக் ஒன் 2022 ஜனவரியில் தொடங்கியது. அதன் அணிகள் பல பெரிய நிறுவனங்களுடையவை. ஜப்பானிய ஆட்டக்காரர்களில் பலர் அந்த நிறுவனத்தின் ஊழியர்களும்கூட. ஆடி ஓய்ந்த பிறகு அலுவலக நாற்காலி காத்திருக்கும். அவர்களைப் பெரும்பாலும் பல்கலைக்கழக அணிகளிலிருந்துதான் பொறுக்கி எடுக்கிறார்கள். பசிபிக் தீவு நாடான டோங்காவிலிருந்து போன பையன்கள் பலரும் அங்கே பள்ளி, பல்கலைக்கழகம் என்று படித்தபடியே ஜப்பான் தேசிய அணி வரை ஏறினார்கள்.

உங்கள் மகன் கவனிக்காத இடம் இதுதான். எஸ்.பி.எம். என்பது 11 ஆண்டுப் படிப்பு. ஜப்பானியப் பல்கலைக்கழகங்கள் பொதுவாக 12 ஆண்டு கேட்கும். அவன் வேண்டாம் என்கிற ஆறாம் படிவமோ அதற்கு இணையான படிப்போதான் அங்கே நுழைவுச்சீட்டு. ஜப்பானிய மொழியையும் இப்போதே தொடங்கட்டும்.

"ரெண்டு வருஷம் வீணாகுமே" என்பான். ஓரத்தில் வேகமாக ஓடும் விங்கராக இருந்தால் நானும் யோசித்திருப்பேன். ப்ராப் அப்படியல்ல, பெரும்பாலும் இருபதுகளின் பின்பாதியில்தான் முற்றுவான். 19 வயதுக்குட்பட்டோர் ஆட்டத்தில் ஸ்க்ரம்மை (இரு அணிகளும் குனிந்து, தோளோடு தோள் கோத்து முட்டித் தள்ளுவது) ஒன்றரை மீட்டருக்கு மேல் தள்ளக்கூடாது என்று விதி உண்டு. பெரியவர்கள் ஆட்டத்தில் அந்தத் தயவு கிடையாது. எதிரே மூன்று பேர், அவர்களுக்குப் பின்னால் ஐந்து பேர், அத்தனை பாரமும் கழுத்திலும் தோளிலும் இறங்கும். அதைத் தாங்கும் கழுத்து ஒரே சீசனில் வராது. (காது மடங்கித் தடித்துப்போவது மட்டும் சீக்கிரமே வந்துவிடும். பார்த்தால் பயப்படாதீர்கள்.)

பயப்பட வேண்டியது தலை அடிக்கு. மயக்கம், தடுமாற்றம், ஒளி கூசுதல் என்று எது தெரிந்தாலும் அன்று அவன் மீண்டும் திடலில் இறங்கக்கூடாது. கோச் சொன்னாலும் கூடாது.

பணத்தைப் பொறுத்தவரை, ஒப்பந்தங்கள் ஓரிரு ஆண்டுக்குத்தான். பெரும்பாலோர் முப்பதுகளின் தொடக்கத்தில் நிறுத்திவிடுகிறார்கள். முழங்கால் போனால் அதற்கும் முன்னாலேயே.

இந்த சீசன் ஆட்டங்களை யாரையாவது முழுமையாக வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். பையன்கள் ட்ரை போட்டதை (எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுப்பதை) மட்டும் வெட்டி ஒட்டிப் பாட்டுப் போட்டு அனுப்புகிறார்கள். ப்ராப்பைத் தேடுகிறவருக்கு அது உதவாது. கடைசிப் பத்து நிமிடத்தில், மூச்சு வாங்கும்போது, ஸ்க்ரம்மில் அவன் முதுகு நேராக இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்.