சவுத் ஸ்டாக்ல பறவை பாக்கப் போறீங்களா? கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்

அண்ணா, வேல்ஸ்ல சவுத் ஸ்டாக் கடலோரப் பாறைக்குப் போலாம்னு பிளான், ஆகஸ்ட் லீவு ஓகேவா?

வேணாம் தம்பி. அங்க இருக்கற கில்லிமாட், ரேஸர்பில், பஃபின் மாதிரி கடல்பறவைங்க குஞ்சு பொரிக்க மட்டும்தான் பாறைக்கு வரும், ஜூலை முடியறதுக்குள்ள மொத்தமா கடலுக்குக் கிளம்பிடும். ஆகஸ்ட்ல ஹெதர், கோர்ஸ்னு ரெண்டு புதர்ச் செடி ஊதாவும் மஞ்சளுமா பூத்துக் கெடக்கும், அது கண்கொள்ளாக் காட்சிதான், ஆனா பாறை வெறிச்சோடி இருக்கும். மே கடைசியில ஸ்கூலுக்கு ஹாஃப் டெர்ம் லீவு வருதுல்ல, அப்ப போங்க, இல்லன்னா ஜூன்ல ஒரு வீக்கெண்ட்.

கார் இல்லாம போக முடியுமா?

முடியும். லண்டன் யூஸ்டன்ல இருந்தே ஹோலிஹெட்டுக்கு நேர் ரயில் இருக்கு, அதான் கடைசி ஸ்டேஷன். அங்கிருந்து டாக்ஸி, சுமார் மூணு மைல்.

என் பொண்ணுக்கு பஃபின்னா உயிரு. நிறைய இருக்குமா அண்ணா?

இங்க ரொம்பக் கொஞ்சம்மா. பஃபின் மட்டும்தான் வேணும்னா ஸ்கோமர் தீவுக்குக் கூட்டிட்டுப் போங்க, அங்க ஆயிரக்கணக்குல இருக்கு. ஆனா இங்க வந்தா பாறை மேல இருக்கற எல்லின்ஸ் டவர்ங்கற கோபுரம் பக்கத்துல ஒரே எடத்துல ஒரு மணி நேரம் உக்காருங்கன்னுதான் சொல்வேன். எதிர்ப் பாறையில கில்லிமாட்டுங்க தோளோட தோள் ஒட்டி வரிசையா நிக்கும், ஒன்னு கடல்ல இருந்து வந்து எறங்கினா வரிசை மொத்தமும் தலைய ஆட்டிக்கிட்டு அர்ர்ர்னு கத்தும், எச்ச நாத்தம் காத்துல மேல வரைக்கும் வரும், அதெல்லாம் சேந்ததுதான் இந்த எடம்.

கில்லிமாட், ரேஸர்பில் ரெண்டும் எனக்கு ஒரே மாதிரி தெரியுது சார்

மூக்கைப் பாருங்க. கில்லிமாட்டுக்கு ஒல்லியா கூரா இருக்கும், முதுகு சாக்லேட் பிரவுன். ரேஸர்பில்லுக்கு மூக்கு தடிமனா தட்டையா, குறுக்க ஒரு வெள்ளைக் கோடு, முதுகு கருகருன்னு. கூட்டத்துல நெருக்கியடிச்சு நிக்கறது கில்லிமாட், பாறை இடுக்குல ஜோடியா ஒதுங்கி இருக்கறது பெரும்பாலும் ரேஸர்பில்.

கில்லிமாட் கூடே கட்டாதாமே, முட்டை உருண்டு விழாதா?

கூடு கிடையாது, வெறும் பாறையில ஒத்த முட்டை. ஒரு பக்கம் நல்லா கூரா இருக்கும், சரிவான பாறையில அசையாம நிக்க அந்த வடிவம் உதவுதுன்னு ஆராய்ச்சி பண்ணவங்க சொல்றாங்க. ஒவ்வொரு முட்டையும் வேற நெறம், நீலப் பச்சை, வெள்ளை, மேல பேனா கிறுக்கின மாதிரி கோடு, அதை வச்சுதான் தாய் தகப்பன் தன் முட்டைய அடையாளம் கண்டுக்கும். குஞ்சு மூணு வாரத்துல, எறக்கை வளர்றதுக்கு முன்னாடியே, சாயங்கால நேரமா பார்த்துக் கடல்ல குதிக்கும், கீழ தண்ணியில அப்பா கூப்பிட்டுக்கிட்டே இருக்கும், அப்புறம் பறக்கற வரைக்கும் அப்பாதான் கூடவே நீந்தி வளக்கும். எத்தனை தடவை பாத்தாலும் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

காக்கா மாதிரி, ஆனா சிவப்பு மூக்கு சிவப்பு காலு, என்னது அக்கா பாத்தது?

சஃப்! குடுத்து வச்சவங்க உங்க அக்கா. 'ச்சியாவ்'னு கத்திக்கிட்டே காத்துல குட்டிக்கரணம் போடும், எறக்கை நுனி விரல் விரிச்ச மாதிரி தெரியும். கட்டைப் புல்லுலதான் மூக்கை விட்டு எறும்பு, வண்டுப் புழு தேடும். அதனாலதான் அங்க ஆடு மாடு மேயறது முக்கியம், மேய்ச்சல் நின்னு புல்லு ஒசந்துட்டா சஃப்புக்குச் சாப்பாடு போச்சு.

ஹீத், அதான் அந்தப் புதர்க் காடு பக்கம் பாக்க ஏதாச்சும் இருக்கா, இல்ல நேரா பாறைக்கே போயிடவா?

அதை விட்றாதீங்க. ரெண்டு கூழாங்கல்லைத் தட்டற சத்தம் கேட்டா கோர்ஸ் புதர் உச்சிய பாருங்க, ஸ்டோன்சாட்ங்கற சின்னக் குருவி உக்காந்திருக்கும். மே, ஜூன்ல மஞ்சளா பூக்கற ஃப்ளீவொர்ட் செடி வகை ஒன்னு இருக்கு, உலகத்துலயே ஹோலிஹெட் இருக்கற இந்த ஹோலி ஐலண்ட் தீவுல மட்டும்தான். வெயில் நாள்ல ஆடர்ங்கற விஷப்பாம்பு பாதையோரம் வெயில் காயும், சின்னப் பசங்க கைய விடாதீங்க, பாதைய விட்டு எறங்காதீங்க. லைட்ஹவுஸுக்கு 400 படி, தெம்ப பாத்து எறங்குங்க.

சஃப் கூட்டை போட்டோ எடுக்கலாமா, ட்ரோன் இருக்கு

கூடாது தம்பி. கூட்டுக்கிட்ட போய் அதை மெரட்டறது அந்த ஊர்ல சட்டப்படி குத்தம், ட்ரோன வீட்லயே வச்சுட்டு வாங்க. 8 மடங்கு காட்டற பைனாகுலர் ஒன்னு போதும், பாறை மேல உக்காந்த எடத்துல இருந்தே மூக்கு நெறம் வரைக்கும் தெரியும்.