அன்றும் ஏழு, இன்றும் ஏழு: சிகிச்சை பலிக்கிறதா?

கேள்வி: என் அம்மாவுக்கு 56 வயது. கம்பத்திலிருந்து தினமும் ஜீப்பில் கம்பம்மெட்டு ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர். நான்கு ஆண்டுகளாக இடுப்புவலி. மலைமேல் ஒரு மருத்துவமனையில் இரண்டு மாதமாக மாத்திரையும் உடற்பயிற்சியும் தருகிறார்கள். பத்துக்கு எவ்வளவு வலி என்று கேட்டால் அன்றும் ஏழு என்றார், இன்றும் ஏழு என்கிறார். நிறுத்திவிடலாமா?

பதில்: அந்த எண்ணை மட்டும் நம்பி நிறுத்த வேண்டாம். மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியில், அதன் அளவும் அது வாழ்க்கையில் ஏற்படுத்தும் தடையும் எப்போதும் சேர்ந்தே குறைவதில்லை. ஏலக்காய் செடியின் அடியில், தரையை ஒட்டிய சரத்தில் காய்ப்பது. நாள் முழுக்கக் குந்தியும் குனிந்தும் பறிக்கிற ஒருவர், முன்பு அரை நாளில் 'ஏழு' என்ற வலியளவை எட்டியவர் இப்போது மாலையில்தான் எட்டுகிறார் என்றால், எண் அதேதான். வாழ்க்கை அதே அல்ல.

இதை அளக்க 'பெக்' என்ற மூன்று கேள்வி அளவுகோல் வீட்டிலும் பயன்படும். கடந்த ஒரு வாரத்தில் வலி சராசரியாக எவ்வளவு, அது வாழ்வின் மகிழ்ச்சியை எவ்வளவு கெடுத்தது, அன்றாட வேலைகளை எவ்வளவு தடுத்தது என்று கேட்டு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண் வாங்கிச் சராசரி எடுக்க வேண்டும். தொடக்கத்தில் 7, 8, 9 என்றிருந்தால் சராசரி 8. இப்போது 7, 5, 3 என்றால் 5. ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தாலே அதைப் பொருட்படுத்தத்தக்க முன்னேற்றமாகக் கொள்வது வழக்கம். உறக்கத்தையும் தனியாகக் குறித்துவையுங்கள், 'பெக்' அதைக் கேட்பதில்லை. விரிவாகப் பார்க்க, உலக சுகாதார நிறுவனத்தின் 26 கேள்விகள் கொண்ட வாழ்க்கைத் தர வினாப்பட்டியல் தமிழிலேயே உண்டு. உடல், மனம், உறவுகள், சுற்றுச்சூழல் நான்கையும் அது கேட்கிறது.

கேரள எல்லைப்பகுதியில் நான் மிகவும் கவலைப்படுவது மொழியைப் பற்றித்தான். மலையாளத்தில் 'வேதன' என்றால் உடல்வலி. நம் காதில் 'வேதனை' என்பது பெரும்பாலும் மனத்துயரம். 'வேதன எத்ர உண்டு?' (வலி எவ்வளவு?) என்ற கேள்விக்கு, மகளின் கல்யாணக் கடனை நினைத்து ஒருவர் பத்து என்று சொல்லிவிடக்கூடும். ஆகவே மலையாளப் படிவத்தை வாய்க்கு வந்தபடி மொழிபெயர்த்துக் கேட்காதீர்கள், தமிழ்ப் படிவம் வேண்டுமென்று கேளுங்கள். அம்மாவுக்காக நீங்கள் பதில் சொல்லவும் வேண்டாம். பிள்ளைகள் சொல்லும் எண்ணும் தாய் சொல்லும் எண்ணும் பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை.

கால் மரத்துப்போனாலோ சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ எந்த அளவுகோலுக்கும் காத்திராமல் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். மற்றபடி, நான்கு வாரத்துக்கு ஒருமுறை, ஒரே கிழமையில், வேலை முடிந்து வந்த அதே நேரத்தில் கேட்டு எழுதி, அந்தத் தாளை அடுத்த முறை அம்மாவின் கையிலேயே கொடுத்தனுப்புங்கள்.