2147483647 பகா எண்தான். பிழை பெருக்கலில் உள்ளது

வணக்கம். 2147483647 பகா எண் அல்ல என்று உங்கள் ஜாவா நிரல் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். 2-இன் 31-ஆம் அடுக்கில் 1 குறைந்த இந்த மெர்சென் எண் (2-இன் அடுக்கு ஒன்றில் 1 குறைந்த எண்) பகா எண்ணே என்று கணிதவியலாளர் ஆய்லர் 1772-இலேயே காட்டிவிட்டார். 2, 3, 4 என ஒவ்வோர் எண்ணாலும் வகுத்துப் பார்க்கும் லூப் (திரும்பத் திரும்ப ஓடும் பகுதி), வகுக்கும் எண்ணின் வர்க்கம் இதைத் தாண்டியதும் நிற்க வேண்டும். ஆனால் ஜாவாவில் முழு எண்களுக்கான 32 பிட் இன்ட் (int) வகை தாங்கும் மிகப் பெரிய எண்ணே இதுதான் என்பதால், 46341-இன் வர்க்கம் நிரம்பி வழிந்து எதிர்ம எண்ணாகிவிட, லூப் நிற்காமல் ஓடி, கடைசியில் எண்ணை அதே எண்ணால் வகுத்து, மீதியில்லை, ஆகவே பகா எண் அல்ல என்கிறது. வர்க்கம் காணப் பெருக்குவதற்கு முன்பே வகுக்கும் எண்ணை 64 பிட் லாங் (long) வகைக்கு மாற்றுங்கள்; பெருக்கிய பின் மாற்றிப் பயனில்லை. வேகமும் வேண்டுமென்றால், இதற்குப் பகாக் காரணி இருப்பின் அது 62-ஆல் வகுக்கும்போது 1-உம், 8-ஆல் வகுக்கும்போது 1 அல்லது 7-உம் மீதி தந்தாக வேண்டும் என்பதால், 248-ஆல் வகுத்து 1 அல்லது 63 மீதி தரும் எண்களை மட்டும் 46340 வரை சோதியுங்கள் (1-ஐ விட்டுவிட்டால் 373 எண்கள்தான்; கையால் கணக்கிட்ட ஆய்லரும் இவ்வழியே சென்றார்).