காசு கட்டினால்தான் கமிஷனா? அஃபிலியேட் மோசடிகள் பற்றிக் கேள்வி பதில்

11 வருடமாக அஃபிலியேட் வேலைதான், அதாவது அடுத்தவர் பொருளுக்கு என் லிங்கைக் கொடுத்து, அதன் வழியாக விற்றால் கமிஷன் வாங்குவதுதான், எனக்குச் சோறு போடுகிறது. அதில் இரண்டு முறை நன்றாகவே கையைச் சுட்டுக்கொண்டிருக்கிறேன். இதில் எது மோசடி, எது வெறும் மோசமான நிர்வாகம், எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று பலரும் கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, நான் கல்லூரி மாணவன். ஒரு கம்பெனியில் அஃபிலியேட்டாகச் சேர "பதிவுக் கட்டணம்" கேட்கிறார்கள். கட்டலாமா?

வேண்டாம் தம்பி. அவர்கள் பொருளை விற்றுக்கொடுக்கப் போவது நீ. கூலி தரவேண்டியவர்கள் உன்னிடமே கை நீட்டினால் அது என்ன வியாபாரம்? அமேசான் 1996-ல் அசோசியேட்ஸ் என்ற தன் அஃபிலியேட் திட்டத்தைத் தொடங்கியது. அதில் சேரக் கட்டணம் கிடையாது. ஹோஸ்டிங், டொமைன் என்று உனக்குச் செலவு இருக்கும்தான். ஆனால் அவற்றை யாரிடம் வாங்குவது என்பது உன் விருப்பம். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு: சில நெட்வொர்க்குகள் (கடைகளையும் அஃபிலியேட்களையும் இணைக்கும் இடைத்தரகு நிறுவனங்கள்) போலிக் கணக்குகளைத் தடுக்க மிகச் சிறிய தொகையை வாங்கி, பிறகு கமிஷனோடு சேர்த்துத் திருப்பித் தருவதுண்டு. உன்னிடம் கேட்கும் தொகையைப் பார்த்தாலே அது இதுவா என்று தெரிந்துவிடும்.

கேள்வி: (அதே மாணவர்) ஆனால் தினமும் பணம் வருவதாக டேஷ்போர்டு ஸ்கிரீன்ஷாட் காட்டுகிறார்களே?

பிரவுசரில் ரைட் கிளிக் செய்து "இன்ஸ்பெக்ட்" போ. திரையில் தெரியும் எந்த எண்ணையும் அரை நிமிடத்தில் மாற்றலாம். உன் வங்கி இருப்பையே ஒரு கோடி ஆக்கிப் பார், ஆசைக்கு. படம் உண்மையானதாகவே இருந்தாலும், விளம்பரத்துக்கு எவ்வளவு செலவானது, எத்தனை ஆர்டர் ரீஃபண்ட் ஆனது என்பதெல்லாம் அதில் இருக்காது.

கேள்வி: மேடம், என் மனைவி ஓர் ஆன்லைன் கோர்ஸ் வாங்கினாள். அடுத்த லெவலை வாங்கினால்தான் பெரிய கமிஷன் கிடைக்குமாம். இது சரியா?

இது பழைய பாட்டு. 2018-ல் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் மோப் என்ற நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டது. இணையத்தில் சம்பாதிக்க "21 படிகள்" என்று சொல்லி, 49 டாலருக்கு உள்ளே இழுப்பார்கள். படி ஏற ஏற விலையும் ஏறும். மேலே போனால் பல ஆயிரம் டாலர். ஏறியவர்களுக்கு வருமான வழியாகக் கிடைத்தது, அதே படிகளை அடுத்தவர் தலையில் கட்டுவதுதான். மக்களிடமிருந்து 12.5 கோடி டாலருக்கு மேல் வாங்கிவிட்டார்கள் என்று ஆணையம் சொன்னது.

எல்லா கோர்ஸும் ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் மனைவியிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: கமிஷன் ஆசையே இல்லாத ஒருவர் இந்த கோர்ஸை இந்த விலைக்கு வாங்குவாரா? "வாங்க மாட்டார்" என்றால், இதுவரை வாங்கியது போதும் என்று நிறுத்திவிடுங்கள். போட்ட பணத்தை எடுக்கத்தான் அடுத்த லெவல் என்ற எண்ணம் வரும். அதை நம்பித்தான் அவர்கள் கடையே ஓடுகிறது.

கேள்வி: என் கீழே சேருபவர் விற்றால் எனக்கும் ஒரு பங்கு வருமாம். இது பிரமிடா?

அது மட்டும் இருந்தால் இல்லை. நேர்மையான பல திட்டங்களிலும் இரண்டாம் அடுக்குக் கமிஷன் சிறிதளவு உண்டு. பொருள் விற்காமல், ஆள் சேர்த்தாலே பணம் என்றால் அது பிரமிடுதான்.

கேள்வி: என் லிங்கில் மாதம் ஆயிரம் கிளிக் வருகிறது, விற்பனை மட்டும் சுழி. கமிஷனைத் திருடுகிறார்களா அக்கா?

திருட்டாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அதனால்தான் இந்தக் கேள்விக்கு நீளமாகப் பதில் சொல்கிறேன்.

முதலில் குக்கீ காலத்தைப் பாருங்கள். உங்கள் லிங்கில் வந்தவர் பிரவுசரில் பதியும் சிறு அடையாளக் குறிப்புதான் குக்கீ. அது செல்லுபடியாகும் நேரத்துக்குள் வாங்கினால்தான் உங்களுக்குக் கமிஷன். அமேசானில் அது வழக்கமாக 24 மணி நேரம்தான். இன்று உங்கள் லிங்கில் போய்ப் பார்த்தவர் நாலு நாள் யோசித்து நேராகப் போய் வாங்கினால் உங்களுக்கு ஒன்றும் வராது. அடுத்தது, பெரும்பாலான திட்டங்களில் கடைசிக் கிளிக்குக்குத்தான் கமிஷன். நீங்கள் பக்கம் பக்கமாக விமர்சனம் எழுதி ஆளை வாசல்வரை கூட்டிப் போவீர்கள். பணம் கட்டும் நேரத்தில் ஒரு கூப்பன் நீட்டிப்பு (தள்ளுபடி தேடித் தருவதாகச் சொல்லி பிரவுசரில் சேர்க்கும் சிறு மென்பொருள்) தலையை நீட்டி, தன் குக்கீயைப் போட்டுவிடும். பேபால் நிறுவனத்தின் ஹனி நீட்டிப்பு மீது 2024 டிசம்பரில் எழுந்த பெரிய குற்றச்சாட்டே இதுதான். அதன் பிறகு, 2025 மார்ச்சில், வாங்குபவருக்கு எந்தப் பயனும் தராமல் அஃபிலியேட் குறியீட்டைச் செருகக் கூடாது என்று கூகுள் தன் குரோம் நீட்டிப்பு விதிகளை இறுக்கியது.

இவை எதுவும் காரணமில்லை என்றால்தான் ஷேவிங் மேல் சந்தேகம் வரவேண்டும். நடந்த விற்பனையில் சிலவற்றைக் கணக்கில் காட்டாமல் மழித்துவிடுவதற்கு அந்தப் பெயர். கண்டுபிடிக்க உங்கள் பக்கமே கிளிக்குகளை எண்ணுங்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனி சப் ஐடி (கிளிக் எங்கிருந்து வந்தது என்று காட்ட லிங்கில் சேர்க்கும் குறியீடு) வையுங்கள். உங்கள் கணக்கில் ஆயிரம், அவர்கள் கணக்கில் எண்ணூறு என்றால் பாட் கிளிக்குகளை (மனிதர் அல்ல, தானியங்கி மென்பொருள் செய்பவை) கழித்திருக்கலாம். முந்நூறு என்றால் கேள்வி கேளுங்கள். சோதனை ஆர்டர் போட்டுப் பார்ப்பது நல்ல வழிதான். ஆனால் அந்தத் திட்டத்தின் மேனேஜரிடம் மெயிலில் அனுமதி வாங்காமல் செய்யாதீர்கள். சொந்த லிங்கில் வாங்குவதைப் பல திட்டங்கள் தடை செய்திருக்கின்றன, அமேசான் உட்பட. திருடனைப் பிடிக்கப் போய் உங்கள் கணக்கே போய்விடும். அனுமதி கேட்டதும் மழுப்புகிறார்களா? அதுவே பாதி பதில்.

கேள்வி: பேஅவுட் வரம்பை (பணம் அனுப்பச் சேர வேண்டிய குறைந்தபட்சக் கமிஷனை) தொட்ட மறுநாளே கணக்கை முடக்கிவிட்டார்கள். முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டா?

எனக்கும் இதே கதை நடந்திருக்கிறது. மூன்று மாதக் கமிஷன் சேர்ந்திருந்தது. "தரமற்ற டிராஃபிக்", அதாவது என் லிங்கில் வருபவர்கள் சரியில்லை என்று ஒரு வரி மெயில் வந்தது, அவ்வளவுதான். அன்றிலிருந்து புதிய நெட்வொர்க் என்றால் டிராஃபிக்கில் சிறு பங்கை மட்டும் அனுப்பி, முதல் பேஅவுட் வங்கியில் விழுந்த பிறகே அடுத்த வேலை. ஒவ்வொரு வாரமும் ரிப்போர்ட்டை இறக்கி வைத்துக்கொள்வேன். கணக்கு போனால் ஆதாரமும் சேர்ந்து போய்விடுமே.

பணம் தாமதமானாலே மோசடி என்று பதற வேண்டாம். ரீஃபண்ட் காலம் முடியக் காத்திருப்பார்கள். அமேசானே மாத முடிவிலிருந்து ஏறக்குறைய 60 நாள் கழித்துத்தான் அனுப்புகிறது. தேதியை முதலிலேயே எழுதி வைக்காமல், வரம்பைத் தொடும்போதெல்லாம் வரம்பை ஏற்றுபவர்களிடம்தான் கவனமாக இருங்கள்.

கேள்வி: என் அஃபிலியேட் கணக்கை மாத வாடகைக்குக் கேட்கிறார் ஒருவர்.

கொடுக்காதீர்கள். நாளை வழக்கு வந்தால் அதில் உங்கள் பெயர்தான் இருக்கும்.

கேள்வி: நான் சிபாரிசு செய்த பொருள் போலி என்று பிறகுதான் தெரிந்தது. என் மேல் தப்பு வருமா?

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் "நான் லிங்க் மட்டும்தான் கொடுத்தேன்" என்ற சாக்கு எல்லா இடத்திலும் எடுபடும் என்று நினைக்காதீர்கள். உடல் இளைக்கும் பொருட்களை அஃபிலியேட்கள் போலிச் செய்தித் தளங்கள் வைத்து விற்றபோது, இடையில் இருந்த லீட்கிளிக் என்ற நெட்வொர்க்கும் பொறுப்பு என்று 2016-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதி செய்தது. உடனே லிங்கை எடுங்கள், ஏன் எடுத்தீர்கள் என்று வாசகர்களுக்குச் சொல்லுங்கள். நான் ஒருமுறை சொல்லாமல் எடுத்தேன். அதற்கு வாங்கிய திட்டு இன்னும் நினைவிருக்கிறது.

கேள்வி: நான் எதிர்ப்பக்கம். சிறிய ஆன்லைன் கடை வைத்திருக்கிறேன். ஓர் அஃபிலியேட்டுக்கு மட்டும் கமிஷன் எகிறுகிறது. நம்பலாமா?

ஏமாற்றுபவர்கள் எங்கள் பக்கமும் உண்டு, மறைக்க ஒன்றுமில்லை. பார்ப்பவருக்கே தெரியாமல் அவர் பிரவுசரில் குக்கீயைத் திணித்துவிட்டு, குக்கீ காலத்துக்குள் அவர் அந்தக் கடையில் எதை வாங்கினாலும் கமிஷன் வாங்குவது குக்கீ ஸ்டஃபிங். ஈபேயின் பெரிய அஃபிலியேட்கள் இருவர் இந்த விவகாரத்தில் 2014-ல் சிறைத் தண்டனை பெற்றார்கள். அந்த அஃபிலியேட்டை ஒரு வாரம் நிறுத்திப் பாருங்கள். கடையின் மொத்த விற்பனை குறையவே இல்லை என்றால், அவர் இத்தனை நாளும் உங்களிடம் தானாக வந்தவர்களுக்குத்தான் கமிஷன் வாங்கியிருக்கிறார்.

கேள்வி: பணம் போய்விட்டது அக்கா. மீட்டுத் தருவதாக ஒருவர் மெசேஜ் செய்கிறார், முன்பணம் கேட்கிறார்.

அவரும் அதே கூட்டமாக இருக்கலாம். ஏமாந்தவர்களின் பட்டியல் கைமாறும். பதில் போடாதீர்கள். கார்டில் கட்டியிருந்தால் இப்போதே வங்கியைக் கூப்பிட்டு சார்ஜ்பேக் (கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பப் பெறுவது) கேளுங்கள், அதற்கு நாள் கணக்கு உண்டு. அப்புறம் காவல்துறையின் சைபர் பிரிவில் புகார் கொடுங்கள். கோபத்தில் அவர்கள் குரூப்பை விட்டு வெளியேறிவிடாதீர்கள். முதலில் சாட், ரசீது, பணம் போன கணக்கு எண் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.