பத்துக் கோழி வளர்க்க எந்த இனம் வாங்கலாம்?

கேள்வி: மணப்பாறை பக்கம் கிராமத்தில் இருக்கிறோம். வீட்டைச் சுற்றி எட்டு சென்ட் இடம், இரண்டு வேப்பமரம், ஒரு முருங்கை. நாலு பேருக்கு முட்டை, எப்போதாவது கறி என்ற அளவில் பத்துக் கோழி வளர்க்க ஆசை. எனக்குக் கோழி வளர்த்துப் பழக்கமில்லை. கணவர் கடக்நாத் வாங்கலாம் என்கிறார். தெருவில் வண்டியில் வருபவர் வனராஜா குஞ்சு என்று விற்கிறார். மாமியார் ஊர்க்கோழி போதும் என்கிறார். எதை வாங்குவது? அடைக்கூடையில் கரித்துண்டும் மிளகாய் வற்றலும் போட வேண்டும் என்கிறாரே மாமியார், அது சரியா?

பதில்: அம்மா, நான் உங்கள் மாமியார் கட்சி. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

கோழி வாங்க நினைக்கும் எல்லோரும் வருடத்துக்கு எத்தனை முட்டை என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நீங்கள் கேட்க வேண்டியது, அது அடைக்குப் படுக்குமா என்று. தாயில்லாத குஞ்சுக்கு முதல் வாரம் 95 டிகிரி ஃபாரன்ஹீட் சூடு வேண்டும். வாரத்துக்கு ஐந்து டிகிரி குறைத்துக்கொண்டே போய் ஒரு மாதம் பார்த்துக்கொள்ள வேண்டும். நடு ராத்திரி மின்சாரம் போனால் குஞ்சுகள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெரிந்து சாகும். காலையில் பெட்டியைத் திறந்து பார்க்கிறவர்கள் பாதிப் பேர் அத்தோடு கோழி வளர்ப்பையே விட்டுவிடுகிறார்கள். இந்த வேலை முழுவதையும் சிறுவிடை என்ற சின்ன நாட்டுக்கோழிப் பெட்டை தன் இறக்கைக்கு அடியில் செய்துவிடும்.

உங்கள் மாமியார் ஊர்க்கோழி என்று சொல்வது பெரும்பாலும் சிறுவிடையைத்தான். பெட்டை ஒன்று, ஒன்றேகால் கிலோ இருக்கும். பருந்து நிழல் தெரிந்தாலே குரல் கொடுத்துக் குஞ்சுகளைப் புதரடிக்கு விரட்டும். சாயங்காலம் வேப்பமரத்தில் ஏறிக்கொள்ளும். ஒரு ஈட்டுக்கு, அதாவது ஒரு தடவை தொடர்ந்து இடும்போது, பத்து முதல் பதினைந்து முட்டை இட்டுவிட்டு, உடம்பை உப்பிக்கொண்டு, கையை நீட்டினால் உறுமும். அப்போது அடைக்குத் தயார் என்று அர்த்தம். 21 நாள் படுக்கும், அப்புறம் இரண்டு மூன்று மாதம் குஞ்சுகளோடு திரியும். இதனால்தான் வருடக் கணக்கில் முட்டை 60, 70 என்று குறைந்து தெரிகிறது. குஞ்சுகளை ஒன்றரை மாதத்தில் பிரித்துவிட்டால் சீக்கிரம் அடுத்த ஈட்டுக்கு வந்துவிடும்.

கடக்நாத் மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பகுதிக் கோழி. அதன் கறிக்கு 2018-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. தோல், கறி, எலும்பு வரை கறுப்பு, ஆனால் முட்டை கறுப்பு இல்லை. கறுப்பு முட்டை என்று யாராவது காட்டினால் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுங்கள். நல்ல கோழிதான், விலையும் உண்டு. ஆனால் அடைக்குப் படுப்பது குறைவு. முதல் வருடத்துக்கு வேண்டாம். யாராவது பெருவிடை என்ற பெரிய உடம்பு நாட்டுக்கோழி தருகிறேன் என்றாலும் வாங்காதீர்கள். சேவல்கள் வளர வளர ஒன்றையொன்று கொத்திக் குதறும், தனித்தனியாகக் கட்டி வைத்தாக வேண்டும். பெட்டையின் கனத்துக்கு அடை முட்டையே சில சமயம் உடையும்.

வனராஜாவும் கிராமப்பிரியாவும் ஹைதராபாத்தில் உள்ள மத்திய அரசின் கோழி ஆராய்ச்சி நிலையம் புறக்கடை வளர்ப்புக்காகவே உருவாக்கியவை. வனராஜா கறிக்கும் முட்டைக்கும் பொது, வருடம் நூறு சொச்சம் முட்டை இடும். உடம்பு கனம் என்பதால் நாய் துரத்தினால் பறந்து தப்புவது சிரமம். கிராமப்பிரியா முட்டைக்கானது, மேய்ச்சலோடு தீவனமும் கொடுத்தால் 150-க்கு மேல் இடும். இரண்டையுமே அடைக்கு நம்ப முடியாது. கலப்பில் வந்தவை என்பதால் அவற்றின் குஞ்சுகள் தாயைப் போலவே வரும் என்றும் சொல்ல முடியாது.

அந்த வண்டிக்காரர் விஷயம். இருபது வருடம் முன்னால் நானே இப்படி ஒரு வண்டியில் 25 'நாட்டுக்கோழிக் குஞ்சு' வாங்கினேன். சிவப்பு, பச்சை, ஊதா என்று சாயம் பூசியிருந்தார்கள். கோழி படித்தவன் நான், சாயத்தைப் பார்த்ததுமே புரிந்திருக்க வேண்டும். வீட்டில் சின்னப் பிள்ளை அழுததால் வாங்கிவிட்டேன் என்று வையுங்கள். ஒரு மாதத்தில் சாயம் போய் அத்தனையும் வெள்ளை லெகார்ன் சேவலாக நின்றது. முட்டைப் பண்ணைக்கான குஞ்சுப் பொரிப்பகத்தில் சேவல் குஞ்சு யாருக்கும் வேண்டாம், அதுதான் தெருவுக்கு வருகிறது. அதனால் வண்டியில் வருவது வனராஜாவாக இருக்கலாம், எதுவாகவும் இருக்கலாம்.

சரி, கணக்குக்கு வருவோம். ஐந்து சிறுவிடைப் பெட்டை, ஒரு சேவல் என்று தொடங்குங்கள். வருடம் 300 முட்டை கிடைத்தால் அதில் 60, 70 அடைக்குப் போய்விடும். மிச்சம் வாரத்துக்கு நாலைந்துதான். நாலு பேருக்கு அது போதாது, இதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை. அதனால் ஆறு மாதம் கழித்து, கை பழகிய பிறகு, நாலு கிராமப்பிரியா சேருங்கள். ஒரு நாள் குஞ்சாக வேண்டாம், தடுப்பூசி போட்டு ஆறு வாரம் வளர்த்த குஞ்சாக வாங்குங்கள். அவை முட்டைக்கு வந்தால் வாரத்துக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு கிடைக்கும். கிராமப்பிரியா முட்டை பெரிதாக, பழுப்பாக இருக்கும். அதைச் சமையலுக்கு எடுத்துக்கொண்டு, சின்னதாக வெளிறிய சிறுவிடை முட்டையை மட்டும் அடைக்கு வையுங்கள். இனம் கலக்காது. கிராமப்பிரியாவில் தனிச் சேவல் வேண்டியதில்லை, சேவல் இல்லாமலே முட்டை இடும்.

சிறுவிடையைச் சந்தையில் வாங்காமல் பக்கத்து ஊர்களில், வளர்க்கிற வீட்டிலேயே வாங்குங்கள். ஒரு ஈடு முடித்த பெட்டையாகக் கேளுங்கள். சாயங்காலம் கோழி அடையும் நேரத்தில் போனால் மொத்தக் கூட்டத்தையும் பார்க்கலாம். எச்சம் பச்சையாகவோ தண்ணீராகவோ இருந்தால் வாங்காமல் திரும்பிவிடுங்கள். சேவலை வேறு ஊரில் வாங்குங்கள், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். கிராமப்பிரியாவைக் கொண்டுவரும்போது இரண்டு வாரம் பஞ்சாரத்திலோ தனிக் கூண்டிலோ வைத்துப் பார்த்துவிட்டுப் பழைய கோழிகளோடு விடுங்கள்.

எந்த இனமாக இருந்தாலும் வெள்ளைக் கழிச்சல் வந்தால் ஒரே வாரத்தில் கூண்டு காலியாகிவிடும். கழுத்து முறுக்கிக்கொள்ளும், எச்சம் வெள்ளையும் பச்சையுமாகப் போகும், அதற்கு மேல் வைத்தியம் கிடையாது. ஊர்க்கோழிக்கு நோயே வராது என்பது பொய். இந்த ஒரு விஷயத்தில் மாமியாரே சொன்னாலும் கேட்காதீர்கள். குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ லசோட்டா என்ற தடுப்பு மருந்துச் சொட்டு, எட்டாம் வாரம் இறக்கையில் ஊசி. கால்நடை மருந்தகத்தில் எந்த நாளில் போடுகிறார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தை, மாசியில் ஊருக்கு முகாம் வந்தால் ஒரு கோழியையும் விடாமல் பிடித்துக்கொண்டு போங்கள், வெயில் ஏறும்போதுதான் கழிச்சல் அதிகம். செத்த கோழியைக் கிணற்றோரம் வீசாமல் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள்.

மரத்தில் அடையும் கோழியை வெருகுப் பூனை தூக்கிவிடும், தரைக்கூண்டில் கீரி நுழையும். கோழிக்கு இரண்டு சதுர அடி கணக்கில், தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், சின்னக் கண் கம்பிவலை அடித்த கூண்டு செய்து ராத்திரி பூட்டிவிடுங்கள். பெரிய கண் வலை என்றால் கீரி தலையை நுழைத்துவிடும்.

கரியும் மிளகாய் வற்றலும்? இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகிவிடும் என்று ஊரில் கரி, மிளகாய், ஓர் இரும்புத் துண்டு வைப்பார்கள். வையுங்கள், ஒரு கெடுதலும் இல்லை. கூடவே கூடையில் மணலும் வைக்கோலும் பரப்பி, செள்ளுப் பூச்சி பிடிக்காமல் இருக்கக் கொஞ்சம் காய்ந்த வேப்பிலையும் நொச்சியும் போடுங்கள். பத்து நாளுக்கு மேல் பழைய முட்டையை அடைக்கு வைக்காதீர்கள். ஏழாம் நாள் இருட்டில் முட்டையை டார்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சிலந்திவலை போல ரத்த நரம்பு தெரிந்தால் கரு பிடித்திருக்கிறது. தெளிவாக இருப்பதை எடுத்துவிட்டால் மற்ற முட்டைகளுக்குச் சூடு நன்றாகக் கிடைக்கும். டார்ச்சை மாமியாரிடம் கொடுத்துப் பாருங்கள், அவருக்குப் பிடித்துப்போகும்.