எழுத மறுக்கும் டேப்: லினக்ஸ் காப்பு நகல் பற்றிய வாசகர் கேள்விகள்

கேள்வி: ஐயா, வணக்கம். மொரீஷியஸின் போர்ட் லூயிஸில் இருக்கும் எங்கள் தமிழ்ச் சங்க அலுவலகத்தில், பழைய காவடித் திருவிழா ஒலிப்பதிவுகளையும் திருமணப் பதிவேடுகளின் ஒளிப்பட நகல்களையும் ஒரு டெபியன் லினக்ஸ் கணினியில் சேர்த்து வைத்திருக்கிறோம். மொத்தம் ஏறத்தாழ 1.1 டெராபைட். பழையதாக வாங்கிய எல்டிஓ-5 (காந்த நாடாவில் தரவை எழுதும் ஒரு வகை) டேப் டிரைவில், மாதம் ஒருமுறை ஒரு கார்ட்ரிட்ஜில் (நாடா இருக்கும் பெட்டியில்), கோப்புகளை ஒன்றாகக் கட்டும் டார் கட்டளையால் அனைத்தையும் எழுதுகிறோம். 2024 ஜனவரியில் பெலால் புயலின்போது நகரத்துக்குள் வெள்ளம் புகுந்ததைப் பார்த்தபின், கார்ட்ரிட்ஜ்களை க்யூர்பிப்பில் உள்ள ஓர் உறுப்பினர் வீட்டில் மாற்றி மாற்றி வைக்கிறோம். மூன்று மாதங்களாக, மூன்றில் இரண்டு கார்ட்ரிட்ஜ்கள் 800 ஜிகாபைட்டைத் தாண்டியதும் 'எழுத முடியவில்லை: உள்ளீட்டு/வெளியீட்டுப் பிழை' என்ற செய்தியுடன் நின்றுவிடுகின்றன. மூன்றாவது முழுமையாக எழுதி முடிகிறது. லினக்ஸின் உட்கருவான கர்னலின் பதிவில், டிரைவ் தெரிவிக்கும் பிழை வகையாக, 'சென்ஸ் கீ: மீடியம் எரர்' என்றும் 'ரைட் எரர்' என்றும் இருக்கிறது. துப்புரவு கார்ட்ரிட்ஜை நான்கு முறை போட்டும் பயனில்லை. பழுது பார்ப்பவர் டிரைவையே மாற்றச் சொல்கிறார். அவ்வளவு பணம் சங்கத்திடம் இல்லை. என்ன செய்யலாம்?
— சங்கச் செயலாளர், போர்ட் லூயிஸ்

பதில்: ஐயா, டிரைவைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கார்ட்ரிட்ஜின் தொடக்கத்திலிருந்து டார் எழுதத் தொடங்கிவிட்டால், அதில் முன்பு இருந்த நகலைச் சாதாரண வழியில் மீட்க முடியாது. புதிதாக எழுதுவது பாதியில் நின்றாலும் பழையது திரும்பி வராது. ஆகவே, பிழை காட்டும் அந்த இரண்டு கார்ட்ரிட்ஜ்களிலும் இன்று உங்களிடம் முழு நகல் இல்லை. மூன்றாவது கார்ட்ரிட்ஜ் ஒன்றுதான் இருக்கிறது. இன்றைக்கே அதன் எழுத்துத் தடைத் தாழ்ப்பாளைத் தள்ளி மூடிவிடுங்கள். சோதனைக்காகக்கூட அதில் எதையும் எழுத வேண்டாம். அடுத்த காப்பு நகலைப் புதிதாக வாங்கும் ஒரு கார்ட்ரிட்ஜில் எடுங்கள். அதற்கு ஆகும் செலவு புதிய டிரைவின் விலையில் ஒரு சிறு பங்குதான்.

டிரைவை மாற்றச் சொன்னவரின் முடிவை நான் ஏற்கவில்லை. ஒரே டிரைவில் ஒரு கார்ட்ரிட்ஜ் முழுமையாக எழுதி முடிகிறது, மற்ற இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவில் நிற்கின்றன என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். டேப்பில் எழுதிப் படிக்கும் ஹெட் தேய்ந்த டிரைவானால் மூன்றும் ஏதாவது ஓரிடத்தில் தடுமாறியிருக்க வேண்டும். 800 ஜிகாபைட் என்ற அந்த அளவுதான் என் கவனத்தை ஈர்த்தது. எல்டிஓ-5 கார்ட்ரிட்ஜின் உள்ளே 846 மீட்டர் நீளமும் 12.65 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட டேப் இருக்கிறது. அதன் அகலம் நான்கு தரவுப் பட்டைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. டிரைவ் ஒரு நேரத்தில் 16 தடங்களில் எழுதியபடி ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போய், பிறகு திரும்பி, இப்படி 80 ஓட்டங்களில் 1.5 டெராபைட்டை நிரப்புகிறது. ஓர் ஓட்டத்துக்கு ஏறத்தாழ 19 ஜிகாபைட் என்று கணக்கிடலாம். இந்த நான்கு பட்டைகளில் நடுவில் உள்ள இரண்டுதான் முதலில் நிரம்புகின்றன. டேப்பின் இரு விளிம்புகளை ஒட்டிய பட்டைகளுக்கு டிரைவ் வருவது பாதி கொள்ளளவுக்குப் பிறகு, அதாவது 750 ஜிகாபைட்டைத் தாண்டிய பின்புதான். ஒலிப்பதிவுகளும் ஒளிப்படங்களும் பெரும்பாலும் ஏற்கெனவே சுருக்கப்பட்ட கோப்புகள் என்பதால் டிரைவின் சுருக்கம் அவற்றை மேலும் குறைக்காது. ஆகவே உங்கள் 800 என்பது டேப்பின் மேலும் ஏறத்தாழ 800தான்.

முன்பாதி நன்றாக எழுதிப் பின்பாதியில் நிற்கும் கார்ட்ரிட்ஜைக் கண்டால் நான் முதலில் சந்தேகிப்பது டேப்பின் விளிம்பைத்தான். கார்ட்ரிட்ஜ் கீழே விழுந்தாலோ, காரின் பின்பெட்டியில் உருண்டு வந்தாலோ, உள்ளே சுற்றியிருக்கும் டேப்பின் அடுக்குகள் ஒன்றுக்கொன்று விலகி, வெளியே நீண்டு நிற்கும் விளிம்பு மடங்கிவிடுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் எந்தக் கீறலும் தெரியாது. அந்த இரண்டும் எப்போதாவது கைதவறி விழுந்தனவா என்று கொண்டு சென்றவர்களிடம் கேளுங்கள். கடிந்துகொள்ளாமல் கேட்டால் உண்மை வரும். கார்ட்ரிட்ஜின் சிறு கதவைத் திறந்து, டேப்பின் முனையில் உள்ள உலோக ஊசி தன் இடத்தில் நேராக இருக்கிறதா என்றும் பாருங்கள். அது நகர்ந்திருந்தால் அந்தக் கார்ட்ரிட்ஜை டிரைவுக்குள் விடவே கூடாது, ஏனெனில் அது டிரைவையும் கெடுத்துவிடும்.

ஊகத்தோடு நின்றுவிட வேண்டாம். டிரைவிடமே கேட்க முடியும். எஸ்ஜி3-யூட்டில்ஸ் என்ற தொகுப்பை நிறுவினால் எஸ்ஜி-லாக்ஸ் என்ற கட்டளை கிடைக்கும். அதைக் கொண்டு 'டேப் அலர்ட்' பக்கத்தைப் படியுங்கள். அதில் 64 எச்சரிக்கைக் கொடிகள் உண்டு. 4ஆம் கொடி உயர்ந்திருந்தால் டேப்பில் குறை, 7ஆம் கொடி டேப்பின் ஆயுள் முடிந்தது, 20ஆம் கொடி உடனே துப்புரவு தேவை, 30ஆம் கொடி டிரைவின் வன்பொருளில் பழுது என்று பொருள். ஒருமுறை படித்ததும் கொடிகள் பொதுவாகத் தாமாகவே இறங்கிவிடும். ஆகவே பிழை வந்தவுடன், கார்ட்ரிட்ஜை வெளியே எடுப்பதற்கு முன், முதல் தடவையிலேயே அந்த வெளியீட்டை ஒரு கோப்பில் சேமித்துவிடுங்கள். அடுத்ததாக, எழுதும்போது நேர்ந்த பிழைகளின் கணக்குப் பக்கத்தைப் பாருங்கள். எல்டிஓ டிரைவ் தான் எழுதியதை அதே ஓட்டத்தில் உடனுக்குடன் படித்துச் சரிபார்த்து, தவறான பகுதியைச் சற்றுத் தள்ளி மீண்டும் எழுதுகிறது. எனவே 'திருத்தப்பட்ட பிழைகள்' என்ற எண் பெரிதாக இருப்பதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. 'திருத்த முடியாத பிழைகள்' என்ற வரியில் பூஜ்யத்துக்கு மேல் எது இருந்தாலும் கவலைப்படுங்கள். பிழை காட்டும் இரண்டின் எண்களையும் புதிய கார்ட்ரிட்ஜின் எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஒப்பிட்டால் சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஒப்பிடுவதற்காக மூன்றாவதில் எழுதாதீர்கள். புதிதாக வாங்கியதில் எழுதும்போது எண்களைக் குறித்துக்கொண்டால் போதும்.

புதிய கார்ட்ரிட்ஜிலும் பிழை வந்தால் நான் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். அப்போது கர்னல் பதிவில் 'சென்ஸ் கீ' என்ற சொல்லுக்குப் பின்னால் வருவதைக் கூர்ந்து படியுங்கள். 'ஹார்டுவேர் எரர்' என்றால் டிரைவைச் சந்தேகிக்கலாம். 'அபார்ட்டட் கமாண்ட்' என்றோ, காலம் கடந்துவிட்டது என்றோ, இணைப்பு மறுதொடக்கம் செய்யப்பட்டது என்றோ வரிகள் இருந்தால், டிரைவைக் கணினியோடு இணைக்கும் எஸ்ஏஎஸ் கேபிளையும் அது செருகப்பட்டிருக்கும் அட்டையையும் முதலில் மாற்றிப் பாருங்கள். டேப் டிரைவை, பல வட்டுகளை ஒன்றாக நிர்வகிக்கும் ரெய்டு அட்டையில் இணைத்திருந்தால் அதையும் விட்டுவிட்டுச் சாதாரண எஸ்ஏஎஸ் அட்டைக்கு மாறுங்கள். இணைப்பு மறுதொடக்கம் ஆனபின் லினக்ஸின் டேப் இயக்கி (டிரைவை நடத்தும் மென்பொருள்), டேப் எந்த இடத்தில் நிற்கிறது என்ற உறுதி இல்லாததால், நீங்கள் டேப்பைத் தொடக்கத்துக்குச் சுற்றும்வரை எழுதச் சொல்லும் ஒவ்வொரு கட்டளையையும் பிழையென்று மறுத்துக்கொண்டே இருக்கும். பழைய தரவின்மேல் எழுதிவிடாமல் காப்பதற்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள். 'டேட்டா புரொடெக்ட்' என்று வந்தால் பெரும்பாலும் தாழ்ப்பாள் மூடியிருக்கிறது, அல்லது எல்டிஓ-5 டிரைவ் படிக்க மட்டுமே கூடிய எல்டிஓ-3 கார்ட்ரிட்ஜைப் போட்டிருக்கிறீர்கள்.

பிழை வந்தபோது திரையில் கடைசியாகத் தெரிந்த கோப்பில் ஏதோ குறை என்று எண்ணி அதை நீக்கிப் பார்ப்பவர்கள் உண்டு. டிரைவ் தரவை முதலில் தன் நினைவகத்தில் வாங்கிக்கொண்டு 'சரி' என்று பதில் சொல்லிவிடுகிறது. டேப்பில் எழுதும்போது தோல்வி கண்டால், பின்னால் வரும் வேறொரு கட்டளைக்குப் பதிலாகத்தான் அதைத் தெரிவிக்கிறது. கர்னல் பதிவில் 'டெஃபர்டு' என்ற குறிப்பு இருந்தால் அதுதான் நடந்திருக்கிறது. கோப்புகளின்மேல் பழி போட வேண்டாம்.

துப்புரவை நிறுத்துங்கள். துப்புரவு டேப் சற்றே சொரசொரப்பானது. தேவையின்றிப் போடும் ஒவ்வொரு முறையும் ஹெட்டைக் கொஞ்சம் தேய்க்கிறது. டிரைவ் கேட்கும்போது ஒருமுறை போடுங்கள். அதன்பிறகும் கேட்டால் காரணம் அழுக்காக இருக்க வாய்ப்புக் குறைவு. துப்புரவு கார்ட்ரிட்ஜுக்கும் பயன்பாட்டு எண்ணிக்கை உண்டு. தீர்ந்துபோனதை டிரைவ் ஏற்காமல் வெளியே தள்ளிவிடும் என்பதால், அது உண்மையிலேயே வேலை செய்ததா என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

சோதனைக்காக எழுதிப் பார்க்க விரும்பினால், பலரும் சொல்லும், பூஜ்யங்களை மட்டுமே தரும் 'ஜீரோ' கருவிக் கோப்பைப் பயன்படுத்தாதீர்கள். பூஜ்யங்களை டிரைவ் ஏறத்தாழ ஒன்றுமில்லாத அளவுக்குச் சுருக்கிவிடும். ஆயிரம் ஜிகாபைட் எழுதியதாகக் கணினி சொல்லும், டேப்போ சிறிது தூரம்தான் நகர்ந்திருக்கும், பழுதான பின்பாதியை அது தொட்டே இராது. 'யூரேண்டம்' கருவிக் கோப்பிலிருந்து தற்செயல் தரவை எடுத்து 1.4 டெராபைட் எழுதுங்கள்.

க்யூர்பிப்பில் ஒரு நகல் வைக்கும் உங்கள் முடிவு மிகச் சரியானது, அதைக் கைவிடாதீர்கள். ஆனால் ஏறத்தாழ 550 மீட்டர் உயரத்தில், ஈரமும் குளிர்ச்சியும் நிறைந்த ஊரிலிருந்து வரும் கார்ட்ரிட்ஜ், போர்ட் லூயிஸின் வெப்பமான ஈரக் காற்றில் வந்தவுடன் டிரைவுக்குள் போகக் கூடாது. அலுவலக அறையில் ஒரு முழு நாள் அப்படியே இருக்கட்டும். அங்கே வைக்கும்போது உலர்ந்த அலமாரியில், புத்தகங்களைப் போல நிமிர்த்தி வைக்கச் சொல்லுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைத்தால் நாளடைவில் டேப்பின் விளிம்பு பாதிக்கப்படலாம். பயணத்தில் கையோடு, பஞ்சுறை உள்ள பெட்டியில் கொண்டு செல்லுங்கள்.

கேள்வி: எங்கள் ஒளிப்படக்கூடத்தில் ஏறத்தாழ 1 டெராபைட் படங்களை வலையமைப்பு வட்டிலிருந்து நேராக எல்டிஓ-5 டேப்புக்கு எழுதுகிறோம். 14 மணி நேரம் ஆகிறது. டிரைவ் முன்னும் பின்னும் ஓடும் ஒலி விடாமல் கேட்கிறது. இப்போது டேப்பில் எழுதும்போது பிழைகளும் வரத் தொடங்கிவிட்டன. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?
— வாசகி, காத்ர் போர்ன்

பதில்: உண்டு அம்மா. அந்த டிரைவ் விநாடிக்கு 140 மெகாபைட் எழுதக்கூடியது; 1 டெராபைட் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் முடிய வேண்டும். உங்களுடையது விநாடிக்கு 20 மெகாபைட் அளவில்தான் போகிறது. தரவு மெதுவாக வந்தால் டிரைவ் தன் வேகத்தைக் குறைத்துப் பார்க்கும். அதற்கும் ஓர் எல்லை இருப்பதால், அதற்குக் கீழே போனதும் டேப்பை நிறுத்தி, பின்னே இழுத்து, மீண்டும் ஓடவிடும். ஒரே இடம் பலமுறை ஹெட்டில் உரசுவதால் டேப்பும் தேய்கிறது, ஹெட்டில் துகளும் படிகிறது. படங்களை முதலில் அதே கணினியில் உள்ள வேகமான வட்டில் ஒரே டார் கோப்பாகச் சேர்த்துவிட்டு, அங்கிருந்து டேப்புக்கு எழுதுங்கள். வட்டில் இடம் இல்லையென்றால் எம்பஃபர் என்ற கட்டளையை இடையில் வைத்து, சில ஜிகாபைட் நினைவகம் ஏறத்தாழ நிரம்பியபின் டேப் ஓடும்படி அமையுங்கள். இதனால் டேப் நிற்காமல் ஓடும் நேரம் நீளும், நிறுத்தங்கள் வெகுவாகக் குறையும். டார் ஒரே தடவையில் எழுதும் தொகுதியின் அளவை முடிவுசெய்யும் தொகுதிக் காரணியை 512 என்று வைத்தால் ஒவ்வொரு தொகுதியும் 256 கிலோபைட் ஆகும். அந்த எண்ணைக் கார்ட்ரிட்ஜின் மேலேயே எழுதி வையுங்கள், ஏனெனில் சிறிய தொகுதி அளவோடு படிக்க முயன்றால் 'நினைவகம் ஒதுக்க முடியவில்லை' என்ற, காரணத்தை மறைக்கும் ஒரு செய்திதான் கிடைக்கும். இவற்றைச் செய்தபின் ஒருமுறை துப்புரவு செய்து, புதிய கார்ட்ரிட்ஜில் எழுதிப் பாருங்கள்.

கேள்வி: பிழை வந்த எல்டிஓ கார்ட்ரிட்ஜை வலிமையான காந்தத்தால் முழுவதும் அழித்துவிட்டு மறுபடியும் பயன்படுத்தலாமா?
— வாசகர், ரோஸ் ஹில்

பதில்: கூடாது. ஹெட் தன் தடத்தைக் கண்டுபிடிப்பதற்கான சர்வோ குறிகள் தொழிற்சாலையிலேயே டேப்பில் எழுதப்பட்டவை. காந்தம் அவற்றையும் அழித்துவிடும். எந்த டிரைவாலும் அவற்றை மீண்டும் எழுத முடியாது.